எம்ப்டி திரும்பி வருமா? ஒரகடம் சாலையில் சில மாற்றுப் பொருட்களின் வரலாறு

சுற்றுச்சூழலுக்கு உகந்த மாற்றுப் பொருட்கள் என்று ஒரு பட்டியல் இப்போது எல்லோருக்கும் மனப்பாடம். கேரி பேகுக்குப் பதில் துணிப்பை. பிளாஸ்டிக் பாட்டிலுக்குப் பதில் எவர்சில்வர் பாட்டில். பேப்பர் கப்புக்குப் பதில் கண்ணாடி கிளாஸ். பார்சல் டப்பாவுக்குப் பதில் வீட்டுத் தூக்கு. இந்தப் பட்டியலோடு எனக்குச் சண்டை எதுவும் இல்லை. ஆனால் வரலாற்றுக் கண்ணோடு படித்தால் ஒரு விஷயம் சட்டென்று தெரியும். இதில் புதிய பொருள் என்று அநேகமாக எதுவுமே இல்லை. 'இதைப் பயன்படுத்துங்கள்' என்று சொல்லப்படும் பொருட்கள் எல்லாம் நாற்பது, ஐம்பது வருடங்களுக்கு முன்னால் நம் வீட்டிலும் கடைத்தெருவிலும் இருந்தவைதான். அவற்றை எடுத்துவிட்டு பிளாஸ்டிக்கை வைத்ததும் ஒரு மாற்றம்தான். அதற்கு அரசாணை தேவைப்படவில்லை, விழிப்புணர்வு ஊர்வலம் தேவைப்படவில்லை. சத்தமில்லாமல் நடந்து முடிந்துவிட்டது.

அந்த முதல் மாற்றம் ஏன் அவ்வளவு சுலபமாக நடந்தது? திரும்பி வரும் மாற்றம் மட்டும் ஏன் இப்படி முக்கி முனகுகிறது? இந்த இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டு சில மாதங்களாகக் குறிப்பெடுத்து வந்தேன். அதன் தொகுப்புதான் இது.

இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர். அங்கிருந்து சிங்கப்பெருமாள்கோவில் சாலையில் தெற்கே இறங்கினால் வல்லம், ஒரகடம். ராமானுஜர் பிறந்த ஊர், பழைய செங்கல்பட்டு ஜில்லாவின் ஏரி நாடு. 1998-ல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து சான்ட்ரோ கார் வெளியே வந்தது. 2000-ல் செயின்ட் கோபைன் கண்ணாடி ஆலை, 2006-ல் நோக்கியா, 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012-ல் டைம்லர் லாரி ஆலை, 2013-ல் ராயல் என்ஃபீல்டு. பதினைந்தே வருடத்தில் நெல் வயலும் ஏரிக்கரையும் ஷிப்ட் பஸ் ஓடும் ஊராக மாறிவிட்டன. ஒரு தலைமுறைக்குள் இவ்வளவும் நடந்திருப்பதால், பொருட்கள் மாறிய கதையைக் கேட்க இது நல்ல இடம். பழையதைப் பயன்படுத்தியவர்களும் புதியதை மட்டுமே பார்த்தவர்களும் ஒரே டீக்கடையில் நிற்கிறார்கள்.

தெருவில் வந்த மாற்று வியாபாரி

'பொருள் மாற்று' என்பதற்கு நம் ஊரில் ஒரு தொழில்காரரே இருந்தார். "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று கூவிக்கொண்டு தள்ளுவண்டியில் வருவார். உடைந்த வாளி, ஓட்டைக் குண்டான், ஆணி, தகரம் எல்லாம் அவரிடம் போகும். பேரீச்சம்பழம் பிள்ளைகளுக்கு வரும். ஓடாத வண்டியைப் பார்த்து "பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடு" என்று இன்றும் சொல்கிறோம். தொழில் போய்விட்டது, சொல் நிற்கிறது.

அவருக்கு அண்ணன் முறையில் இன்னொருவர் உண்டு, பாத்திரக்காரர். பழைய பட்டுப்புடவை, ஜரிகை, பித்தளைக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பவர். துருப்பிடிக்காத எஃகை இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருவாக்கியது 1913-ல். அது எவர்சில்வர் என்ற பெயரில் நம் சமையலறைக்குள் வந்து பித்தளையையும் வெண்கலத்தையும் பரணுக்கு ஏற்றியது. 1981-ல் சேலம் உருக்காலை உற்பத்தியைத் தொடங்கியபோது எவர்சில்வர் ஏற்கெனவே கல்யாணச் சீர்வரிசையில் இடம் பிடித்திருந்தது. காரணம் எளிது. பித்தளைக்கு ஈயம் பூச வேண்டும், புளி போட்டுத் தேய்க்க வேண்டும். எவர்சில்வருக்கு இரண்டும் வேண்டாம். அந்த வேலையெல்லாம் யார் தலையில் விழுந்துகொண்டிருந்தது என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்த சுற்று பிளாஸ்டிக் குடம். இதைப் பற்றி எழுதும்போது நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். எங்கள் வீட்டுப் பரணில் இருந்த பித்தளைக் குடத்தை இறக்கித் தராசில் வைத்துப் பார்த்தேன். காலியாகவே மூன்றரைக் கிலோவுக்கு மேல். அதே அளவு பிளாஸ்டிக் குடம் அரைக் கிலோவைச் சுற்றி நிற்கிறது. குடத்தில் பத்து, பன்னிரண்டு லிட்டர் தண்ணீர். தெருக்குழாய்க்கோ லாரிக்கோ ஒரு நாளைக்கு எட்டு நடை போகிற பெண்ணுக்கு, குடத்தின் எடையில் மட்டும் இருபத்து நாலு கிலோ மிச்சம். மண்குடம் என்றால் எடையோடு உடையும் பயமும் உண்டு. 'பிளாஸ்டிக் மோகம்' என்று சுலபமாக எழுதிவிடுகிறோம். இடுப்பு வலி தெரிந்தவர்கள் போட்ட கணக்கு அது. சரியான கணக்கு.

வல்லம் பக்கத்தில் வீடு வாடகைக்கு விடும் ஒரு அம்மாவிடம் இதைப் பற்றிப் பேசினேன். அவர் சொன்னது: "தம்பி, அந்தக் காலத்துல எல்லாம் நல்லா இருந்துச்சுன்னு சொல்றவங்க யாரும் தண்ணி தூக்கினவங்க இல்ல."

இதை முதல் குறிப்பாக வைத்துக்கொள்ளலாம். முதல் மாற்றம் ஜெயித்ததற்குக் காரணம், அது யாரோ ஒருவருடைய உழைப்பைக் குறைத்தது. திருப்பி மாற்றச் சொல்லும்போது அந்த உழைப்பு மறுபடியும் யார் தலையில் விழும் என்று கேட்காமல் இருக்க முடியாது.

பையின் கதை

பாலிஎத்திலீன் பிறந்தது ஒரு தற்செயல். 1933 மார்ச் மாதம் இங்கிலாந்தின் நார்த்விச்சில் ஐசிஐ நிறுவனத்தின் ஃபாசெட், கிப்சன் என்ற இரண்டு வேதியியலாளர்கள் வேறொரு சோதனை செய்தபோது கலனுக்குள் மெழுகு மாதிரி ஒரு வெள்ளைப் பொருள் படிந்திருந்தது. முப்பது வருடம் கழித்து, ஸ்வீடனின் செல்லோபிளாஸ்ட் நிறுவனத்துக்காக ஸ்டென் குஸ்டாஃப் தூலின் என்ற பொறியாளர், ஒரே பிளாஸ்டிக் குழாயை மடித்து, ஒட்டி, வெட்டி, பனியன் வடிவத்தில் கைப்பிடியோடு ஒரு பை செய்தார். 1965-ல் காப்புரிமை கிடைத்தது. நாம் கேரி பேக் என்று சொல்வது அந்தப் பைதான். சில கிராம் எடை, சில கிலோ தாங்கும், நனைந்தாலும் கிழியாது. ஒரு பொறியாளனாகப் பார்த்தால் அது அபாரமான வடிவமைப்பு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நம் பக்கத்தில் அதற்கு எதிரே நின்றது மஞ்சப்பை. ஜவுளிக்கடை பெயர் அச்சடித்து வரும், கல்யாண வீட்டில் தாம்பூலப் பையாக வரும். மஞ்சள் மங்கலம் என்பதால் அந்த நிறம். ரேஷன் கடைக்கும், கோர்ட்டுக்கும், ஆஸ்பத்திரிக்கும் அதே பைதான் போகும். ஒரு கட்டத்தில் 'மஞ்சப்பைக்காரன்' என்பது பட்டணத்தில் கேலிச் சொல்லாக மாறியது. கிராமத்திலிருந்து வந்து இறங்கியவன் என்று அர்த்தம். கேரி பேக் வந்தபோது அது வசதியை மட்டும் கொண்டுவரவில்லை, அந்தக் கேலியிலிருந்து ஒரு விடுதலையையும் கொண்டுவந்தது. கையில் பை இல்லாமல் வெறுங்கையோடு கடைக்குப் போகலாம் என்பது அன்றைக்கு நாகரிகம்.

பிறகு நடந்தது நமக்குத் தெரியும். நீலகிரி மாவட்டம் 2000-களின் தொடக்கத்திலேயே பிளாஸ்டிக் பைக்குத் தடை போட்டது. 2018 ஜூன் 5 அன்று சட்டமன்றத்தில் 110 விதியின்கீழ் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவிக்க, 2019 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுவதும் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். அடுத்த ஜூனில் கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் வந்தது. ஒன்றிய அரசின் தடை 2022 ஜூலை 1-ல் வந்தது. பையின் குறைந்தபட்சத் தடிமன் 2016 விதிகளில் 50 மைக்ரான், 2021 செப்டம்பர் இறுதியில் 75, 2022 டிசம்பர் இறுதியில் 120.

கேலிச் சொல்லாக இருந்த பெயரையே இயக்கத்தின் பெயராக வைத்தது புத்திசாலித்தனம். ஆனால் துணிப்பை தானாகவே நல்லது என்று நினைத்தால் கணக்கு இடிக்கும். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. பருத்தி விளைவிப்பதிலிருந்து குப்பைக்குப் போவது வரை எல்லாச் செலவையும் கூட்டி, புவி வெப்பமாதலுக்கு எந்தப் பை எவ்வளவு காரணம் என்று கணக்கிட்டார்கள். ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்தினால்தான், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் மெல்லிய கேரி பேகோடு அது சமமாகும். அந்தக் கேரி பேகையே வீட்டில் குப்பைக்கூடைக்கு மறுபடி ஒருமுறை பயன்படுத்தினால், பருத்திப் பையின் கணக்கு 327 முறையாக எகிறிவிடும். 2018-ல் டென்மார்க் அரசின் ஆய்வு இதே வெப்பமாதல் கணக்குக்குச் சுமார் 52 முறை என்றது. வழிமுறை வேறு, எண்ணும் வேறு. ஆனால் திசை ஒன்றுதான்.

இந்த எண்களைத் தூக்கிக்கொண்டு "பார்த்தீர்களா, பிளாஸ்டிக்தான் நல்லது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு கூட்டம் கிளம்பும். அவசரப்பட வேண்டாம். தெருவில் பறந்து, வாய்க்காலை அடைத்து, மாட்டு வயிற்றுக்குள் போகும் பையின் சேதத்தை இந்தக் கணக்குகள் சரியாக எடுத்துக்கொள்வதில்லை. இந்தப் பகுதியில் அது சின்ன விஷயமும் இல்லை. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. 3,645 மில்லியன் கனஅடி கொள்ளளவு கொண்ட அந்த ஏரிதான் சென்னையின் குடிநீர். இங்கே கால்வாயில் விழுவது சென்னைக்காரர்கள் குடிக்கும் தண்ணீரை நோக்கித்தான் நகர்கிறது.

ஆனாலும் 131 என்ற எண் ஒரு உண்மையைச் சொல்கிறது. வாரம் ஒருமுறை சந்தைக்குப் போனால் இரண்டரை வருடம். தாத்தாவின் மஞ்சப்பை நைந்து போகும்வரை ஓடியது. இன்று அலுவலக விழாவிலும் கருத்தரங்கிலும் ஆளுக்கொன்று என்று வாங்கி வரும் துணிப்பைகளில் எத்தனை இரண்டாவது முறை வெளியே வருகின்றன? பையின் பசுமை துணியில் இல்லை, எத்தனை முறை சுற்றி வருகிறது என்பதில் இருக்கிறது.

டீ கிளாஸ் எங்கே போனது?

உணவைக் கட்டிக்கொடுக்க இந்தப் பக்கத்தில் இலைகளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. வாழை இலை, தைத்த மந்தாரை இலை, தாமரை இலை. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் மூங்கில் குடலைக்குள் மந்தாரை இலை போட்டு வேகவைக்கும் இட்லி இன்றும் உண்டு. இலையே அங்கே பாத்திரம். மளிகைக் கடையில் செய்தித்தாள் பொட்டலமும் சணல் நூலும். எல்லாப் பழசும் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. அச்சு மையில் இருக்கும் ரசாயனங்கள் உணவில் இறங்கும் என்பதால், செய்தித்தாளில் உணவைக் கட்ட வேண்டாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே அறிவுறுத்தியது.

டீக்குக் கண்ணாடி கிளாஸ். ஒரகடம் சந்திப்பில் ஷிப்ட் முடியும் நேரத்தில் நின்று பாருங்கள், பெரும்பாலும் பேப்பர் கப்தான். பெயர்தான் பேப்பர். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால்தான் டீ ஒழுகாமல் நிற்கிறது. 2020-ல் கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 100 மில்லி சூடான திரவத்தை இந்தக் கப்பில் 15 நிமிடம் வைத்துப் பார்த்தார்கள். சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலந்திருந்தன. தமிழ்நாட்டின் 2019 தடைப் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் இருக்கிறது. கப் தயாரிப்பாளர்கள் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 அக்டோபரில் கப் மீதான தடை செல்லும் என்று தீர்ப்பு வந்தது. நெய்யாத துணிப்பைகள் விஷயத்தை மட்டும் மறுபரிசீலனை செய்யும்படி மாநில அரசிடம் விட்டார்கள்.

ஆக சட்டம் தெளிவு, அறிவியல் தெளிவு. ஆனாலும் கப் போகவில்லை. ஏன் என்று சந்திப்பில் கடை வைத்திருக்கும் ஓர் அக்காவிடம் கேட்டேன்.

"கிளாஸ் வெச்சிருந்தேன் சார். ஷிப்ட் விடுற அரைமணி நேரத்துல நூறு பேர் வருவாங்க. அத்தன கிளாஸ கழுவ ஒரு ஆள் வேணும். தண்ணி? நான் கேன் தண்ணிதான் வாங்குறேன். கழுவுற தண்ணிக்கும் காசு சார். கொரோனா வந்தப்புறம் கிளாஸ்ல குடுத்தா பாதிப் பேரு முகம் சுளிக்கிறாங்க. பஸ் வந்துட்டா கப்போட ஏறிடுவாங்க. கிளாஸோட ஏற முடியுமா?"

இதில் ஒரு வாக்கியத்தைக்கூட என்னால் தள்ள முடியவில்லை. ஏரி நாட்டின் நடுவே ஒரு டீக்கடைக்குக் கிளாஸ் கழுவக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்க வேண்டியிருக்கிறது. அந்த நிலைமையின் மேல்தான் பேப்பர் கப் நிற்கிறது.

பார்சலும் இப்படித்தான். எட்டுப் பேர் தங்கும் அறையில் அடுப்பு கிடையாது, பாத்திரம் கழுவச் சரியான இடம் கிடையாது. பீகாரிலிருந்தோ தருமபுரியிலிருந்தோ வந்த பையனுக்கு மெஸ் பார்சல்தான் சமையலறை. 'வீட்டுத் தூக்கைக் கொண்டுபோங்கள்' என்ற அறிவுரையில் முதல் சொல்லே அவனுக்கு இல்லை. மாற்றுப் பட்டியல் எழுதுகிறவர்கள் மனதில் எப்போதும் ஒரு வீடு இருக்கிறது, அதில் ஒரு சிங்க், அதில் தண்ணீர், தேய்க்க ஓர் ஆள்.

மதில் சுவருக்குள் கிடைத்த பதில்

நான் மென்பொருள் எழுதுகிறவன். சில வருடங்களுக்கு முன்னால் இந்தப் பகுதியில் உள்ள ஓர் உதிரிபாக நிறுவனத்துக்காகச் சில மாதங்கள் வேலை செய்தேன். வேலை என்ன தெரியுமா? காலி டப்பாக்களின் கணக்கு.

கார் ஆலைக்கு உதிரிபாகங்கள் அட்டைப்பெட்டியில் மட்டும் போவதில்லை. கெட்டியான பிளாஸ்டிக் 'பின்'களில் போகும். பெரிய பாகம் என்றால் இரும்பு டிராலி. ஒரு பின்னில் இத்தனை பாகம் என்று எண்ணிக்கை நிலையானது. லாரி நிறைந்த பின்களோடு போகும், எம்ப்டியோடு திரும்பும். ஒவ்வொரு பின்னுக்கும் ஓர் எண் உண்டு. எத்தனை போனது, எத்தனை வந்தது, யாரிடம் எத்தனை நிற்கிறது என்று தினமும் கணக்கு முடிக்க வேண்டும். எம்ப்டி வரவில்லை என்றால் மறுநாள் பாகத்தை எதில் போட்டு அனுப்புவது? அதனால் ஐந்து பின் குறைந்தாலும் போன் பறக்கும்.

இதன் மூலம் 1950-களின் ஜப்பானில் இருக்கிறது. டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ வளர்த்தெடுத்த கன்பான் முறையில், பாகத்தோடு ஓர் அட்டை போகும், பாகம் செலவானதும் அட்டை திரும்பி வரும், அது வந்தால்தான் அடுத்த உற்பத்தி. அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் எடுத்த இடத்தை மட்டும் நிரப்பும் பழக்கத்திலிருந்து அந்த யோசனை வந்ததாக ஓனோவே எழுதியிருக்கிறார். கடைத்தெருவிலிருந்து ஆலைக்குப் போன யோசனை அது.

வேடிக்கையைக் கவனியுங்கள். சுவருக்கு உள்ளே ஒரு பிளாஸ்டிக் டப்பா வருடக்கணக்கில், நூற்றுக்கணக்கான முறை போய் வருகிறது. சுவருக்கு வெளியே ஒரு கப் ஐந்து நிமிடம் வாழ்கிறது. இரண்டு பக்கமும் அதே மனிதர்கள்தான். உள்ளே இருப்பவர்களுக்குச் சுற்றுச்சூழல் அக்கறை அதிகம் என்றெல்லாம் இல்லை. உள்ளே திரும்பி வருவதற்கு ஒரு பாதை இருக்கிறது, வெளியே இல்லை.

சரி, வெளியே எங்கேயுமே இல்லையா என்று தேடினால், கண்ணெதிரே இருக்கிறது: இருபது லிட்டர் தண்ணீர் கேன். அதுவும் பிளாஸ்டிக்தான். அட்வான்ஸ் கொடுத்தால்தான் கேன். காலிக் கேன் கொடுத்தால்தான் அடுத்த கேன். வல்லத்திலிருந்து ஒரகடம் வரை எத்தனையோ குப்பைமேட்டைப் பார்த்திருக்கிறேன். உடையாத ஒரு கேன் கிடந்து பார்த்ததில்லை.

பழைய பொருட்களை இந்தக் கண்ணோடு மறுபடி பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி தெரிகின்றன. 1872-ல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கிய கோலி சோடா பாட்டில் கடையிலேயே குடித்துவிட்டு வைக்க வேண்டியது. 1890-லிருந்து மும்பையின் டப்பாவாலாக்கள் மதியம் கொடுத்த டப்பாவை அன்றே வீட்டுக்குத் திருப்புகிறார்கள். நம் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயரும் கல்யாணத் தேதியும் வெட்டி வைத்திருப்பார்களே, அது அழகுக்கு மட்டும் இல்லை. பலகாரம் வைத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த டவரா திரும்பி வர வேண்டும் என்பதற்கான முகவரி அது. நான் மென்பொருளில் பின்னுக்குக் கொடுத்த எண்ணும் இந்தப் பெயர் வெட்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

அண்மைய உதாரணமும் உண்டு. நீலகிரியில் உடைந்த மது பாட்டில்கள் காட்டு விலங்குகளின் காலைக் கிழிப்பதைப் பார்த்து, சென்னை உயர் நீதிமன்றம் அழுத்தம் கொடுத்தது. 2022 மே மாதம் டாஸ்மாக் அங்கே ஒரு திட்டம் கொண்டுவந்தது. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதல், காலி பாட்டிலைக் கொடுத்தால் பத்து ரூபாய் வாபஸ். பத்தில் ஒன்பதுக்கு மேல் திரும்பி வந்தன. பிறகு வேறு மாவட்டங்களுக்கும் திட்டம் படிப்படியாகப் போனது. குடிப்பவர்களிடம் சூழல் விழிப்புணர்வுக் கூட்டம் யாரும் நடத்தவில்லை, பத்து ரூபாய் போதுமானதாக இருந்தது. கடை ஊழியர்கள் மட்டும் கூடுதல் வேலைக்கு ஆளும் இடமும் கேட்டார்கள். அதுவும் நியாயம். திரும்பி வரும் பொருளை வாங்கி அடுக்க ஒரு கை வேண்டுமே.

எனக்குப் பிடிபட்டது

மூன்று விஷயங்கள் சேர்ந்தால் ஒரு பொருள் சுற்றி வருகிறது.

ஒன்று, எப்படியும் திரும்பிப் போகிற ஒரு வண்டியோ ஆளோ இருக்க வேண்டும். பின்னுக்கு லாரி, கேனுக்கு டெலிவரி ஆட்டோ, கிளாஸுக்குக் கடைக்காரர் கை.

இரண்டு, திரும்பி வராவிட்டால் யாருக்காவது காசு நஷ்டம் ஆக வேண்டும். அந்த நஷ்டம் சரிசெய்யும் சக்தி உள்ளவர்மேல் விழ வேண்டும். டீக்கடை அக்காமேல் விழுந்தால் அவர் கப்புக்குத்தான் போவார்.

மூன்று, கழுவவும் வைக்கவும் இடமும் தண்ணீரும் வேண்டும். இந்த மூன்றாவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம். மதில் சுவருக்குள் கேன்டீனில் எவர்சில்வர் தட்டு தடையில்லாமல் ஓடுகிறது என்றால், கழுவும் தொட்டியும் தண்ணீரும் சம்பளம் வாங்கும் ஆளும் அங்கே இருப்பதால்தான்.

இதை வைத்துப் பார்த்தால் நம் பட்டியலைக் கொஞ்சம் திருத்தி எழுதலாம். வீட்டில் இருப்பவர்களுக்குப் புதிய துணிப்பை வாங்குவது மாற்று இல்லை. இருக்கிற பையை வண்டியின் பெட்டிக்குள் வைத்துவிடுவதுதான் மாற்று. 131 முறைக்கு அதுதான் வழி. சொந்த பாட்டிலும் அப்படியே. இருப்பதை நைந்துபோகும்வரை ஓட்டுவது, புதிய மூங்கில் பொருள் வாங்குவதைவிடப் பெரிய காரியம். கறிக்கும் மீனுக்கும் தூக்கு கொண்டுபோனால் கடைக்காரர் மறுப்பதில்லை, நான் பார்த்தவரை சந்தோஷம்தான் படுகிறார்.

அறையில் தங்கும் பிள்ளைகளுக்கும் டீக்கடைக்கும் இந்த அறிவுரை பத்தாது. ஒரு ஷிப்ட் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு பொதுக் குழாயும் கழுவும் தொட்டியும் வைத்தால் அங்கே இருக்கும் நாலு டீக்கடைக்கும் கிளாஸ் திரும்பி வரும். அது உள்ளாட்சி செய்ய வேண்டிய வேலை. சமூகப் பொறுப்பு நிதி வைத்திருக்கும் எந்த ஆலையும் செய்யலாம். ஒரு நாள் விழா நடத்தி ஆயிரம் துணிப்பை கொடுப்பதைவிடச் செலவு ஒன்றும் பெரிதாக ஆகாது.

வல்லத்தில் ஒரு மெஸ் நடத்தும் தம்பதியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். மாதக் கணக்கில் சாப்பிடும் பையன்களுக்குப் பார்சல் டப்பாவை நிறுத்திவிட்டு, மூன்றடுக்கு எவர்சில்வர் கேரியர் கொடுக்கிறார்கள். இருநூறு ரூபாய் அட்வான்ஸ். ராத்திரிச் சாப்பாடு வாங்க வரும்போது காலையில் வாங்கிய கேரியரைக் கொடுக்க வேண்டும். கழுவுவது மெஸ்ஸின் வேலை, ஏனென்றால் போர் தண்ணீர் அவர்களிடம்தான் இருக்கிறது. டப்பா வாங்கும் காசு மிச்சமாவதால் கட்டுப்படியாகிறது என்றார் அந்த அண்ணன். ஒவ்வொரு கேரியரிலும் அறை எண்ணைப் பாத்திரக்கடையில் கொடுத்து வெட்டி வைத்திருக்கிறார்கள்.

"எத்தனை தொலைஞ்சிருக்கு?" என்று கேட்டேன்.

"ரெண்டு. வேலைய விட்டுட்டு ஊருக்குப் போனவங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க. அட்வான்ஸ் நம்மகிட்டதான இருக்கு, பரவால்ல. அங்க அவங்க அம்மா சாப்பாடு கட்டுவாங்க."

உங்கள் ஊரில் இப்படிச் சுற்றி வரும் பொருட்கள் வேறு ஏதாவது இன்னும் மிச்சம் இருந்தால் எழுதுங்கள். எந்தப் பொருள், யார் திருப்பிக் கொடுக்கிறார்கள், யார் கழுவுகிறார்கள், எவ்வளவு அட்வான்ஸ் என்ற நாலு விவரம் போதும். பட்டியல் சேர்ந்ததும் தனிக் குறிப்பாகப் போடுகிறேன்.